காக்கைக்குச் சோறு போட்ட காவல்காரி

தாட்சாயணி எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி நாகபூஷணத்துக்கு வாழ்க்கைப்பட்டு விஜயபுரம் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்தவள். வந்த முதல் வருஷமே அவளுடைய கைக்குறி ஊரில் பேர் வாங்கிவிட்டது. வேர்க்கடலை விதைத்த கையோடு காக்கையும் மயிலும் வந்து விதையைத் தோண்டித் தின்னும். விரட்டுவதற்கு எல்லோரும் தகரம் தட்டுவோம், தொண்டை கிழியக் கத்துவோம். இவள் மட்டும் வரப்பில் நின்றுகொண்டு கவணைச் சுழற்றுவாள். கல் போய் மயிலுக்கு ஒரு முழம் முன்னால் விழும். மயில் பதறிப் பறந்துவிடும். ஒருநாளும் எதன் மேலும் பட்டதில்லை.

"இவ்ளோ குறி வெச்சிக்கினு ஒண்ணையாவது அடிச்சா இன்னாமே?" என்று நான் கேட்டேன்.

"எத்த அடிக்கிறது யக்கா? மயிலு முருகருக்கு. காக்கா சனீஸ்வரருக்கு. எலியக் கூட அடிக்க முடியல, அது புள்ளையாருக்கு. எல்லாத்து மேலயும் சாமிங்க ஏறிக்கினு போயிட்டாங்க. நாம கொசு தான் அடிக்கணும்."

அப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவள். பூஜை புனஸ்காரத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. சோறு வடித்தால் முதல் கைப்பிடி காக்கைக்கு. அது வந்து கொத்திய பிறகுதான் தன் வாயில் ஒரு பருக்கை வைப்பாள். அவளுடைய அப்பா, அவள் வாயில் நைனா, போன வருஷம் ஆனி மாசம் காலமானார். அதற்குப் பிறகு அந்தப் பழக்கம் இன்னும் கெட்டிப்பட்டது. மழையில் காக்கை வராத நாளில் பொழுது சாயும்வரை பட்டினி கிடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆரணியாற்றங்கரையில் இருக்கிறது. பிச்சாட்டூர் அணையில் தண்ணீர் நிறைந்து பின்னுக்கு ஏறி நிற்கும் வருஷங்களில் கோடையிலும் ஆற்றில் தண்ணீர் வற்றாது. அதன் நடுவில் ஒரு மணல் மேடு உண்டு. நடுத்திட்டு என்போம். நான் கல்யாணமாகி வந்தபோது வெறும் மணலும் கூழாங்கல்லுமாகப் பளபளவென்று கிடந்தது. அப்புறம் சீமைக் கருவேலம் ஏறியது. ஓரத்தில் காட்டாமணக்கு புதராக மண்டியது. ஆடு மேய்க்கப் பரிசலில் போனவர்கள் கூட முள்ளுக்குப் பயந்து போவதை விட்டுவிட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருப்பதியிலிருந்து ஒரு டிரஸ்ட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் நந்திதா என்று ஒரு பெண். வேலூர்ப் பக்கம் பிறந்து, திருப்பதியில் பறவைகளைப் பற்றிப் படித்தவள். முப்பது வயசு இருக்கலாம். திட்டைப் பழையபடி ஆக்கப் போகிறோம் என்றாள். செடி நடுவார்கள் என்று ஊரே நினைத்தது. அவர்களோ கடப்பாரை போட்டுக் கருவேலத்தை வேரோடு பிடுங்கினார்கள். காட்டாமணக்கை அறுத்துக் கரையில் கொண்டுவந்து காயப்போட்டார்கள். கடைசியில் ஒரு நிழல் இல்லாமல் மொட்டை மணலாக விட்டுவிட்டார்கள்.

பரிசல்காரர் கங்கையா அணையில் மீன் பிடிக்கிறவர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், மீனிடம் இரண்டும் பேசுவார். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ராமா ராமா! மரம் வெக்கிறவங்களப் பாத்துக்கீறேன். மரத்தப் புடுங்கிட்டு மண்ணக் காட்டி, இதான் அபிவிருத்தின்றவங்கள இப்பதாம்மா பாக்கறேன்!"

நந்திதா கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பறவைக்காகத்தான் இதெல்லாம் என்று சொன்னாள். சாம்பல் வெள்ளை உடம்பு, தலையில் கறுப்புத் தொப்பி வைத்தாற்போல, மஞ்சள் மூக்கு, கத்தரி மாதிரி பிளந்த வால். தண்ணீருக்கு மேலே பறந்துகொண்டே இருந்து பொத்தென்று விழுந்து மீனைத் தூக்கும். நாங்கள் பேர் வைக்காமலே பார்த்துப் பழகிய பறவைதான். ஆற்று ஆலா என்று அவள் சொல்லித் தெரிந்துகொண்டோம். அது கூடு கட்டாது. வெறும் மணலில் லேசாகக் குழி பறித்து முட்டையிடும். சுற்றிலும் திறந்த வெளியாக இருந்தால்தான் அதற்கு நிம்மதி, மரம் இருந்தால் அந்த மரத்தில் காக்கை உட்கார்ந்து வேவு பார்க்கும் என்றாள்.

அவள் சொன்னபடியே போன வருஷப் பங்குனியில் ஆலாக்கள் வந்தன. முட்டையும் இட்டன. ஆனால் கரையிலிருந்து வந்த காக்கைகளும் நீந்தி வந்த நாய்களும் ஒன்று விடாமல் தின்றுவிட்டன. ஒரு குஞ்சு கூடப் பறக்கவில்லை. அதனால் இந்த வருஷம் திட்டுக்கு ஓர் ஆள் காவல் வேண்டும் என்று நந்திதா ஊரில் கேட்டாள். எல்லோர் வாயிலும் ஒரே பேர்தான் வந்தது.

"நாய வெரட்டறேன் மேடம். பாம்பு வந்தாலும் பாத்துக்கறேன்," என்றாள் தாட்சாயணி. "காக்காவ மட்டும் அடிக்கச் சொல்லாதீங்க."

"யாரு அடிக்கச் சொன்னது அக்கா? உட்கார விடாம பார்த்துக்கிட்டா போதும்."

"அப்போ சரி."

பங்குனி பிறந்ததும் காக்கிச் சட்டையைப் புடவை மேல் மாட்டிக்கொண்டு தினமும் விடிந்ததும் கங்கையாவின் பரிசலில் போக ஆரம்பித்தாள். கவணை இடுப்பில் செருகிக்கொள்வாள். மதியத்துக்குச் சோறு தூக்குச்சட்டியில் போகும். திட்டின் ஒரு முனையில் நான்கு கம்பு நட்டு ஓலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதுதான் அவளுக்கு நிழல். முட்டை இருக்கும் பக்கம் மிதிக்காமல் இருக்கக் கயிறு கட்டிவைத்தாள். முட்டைக்கும் கூழாங்கல்லுக்கும் வித்தியாசமே தெரியாது, கண்ணை ஒட்டவைத்துப் பார்க்க வேண்டும் என்பாள். கிட்டப் போனால் ஆலாக்கள் கூட்டமாக வந்து தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாயுமாம். "மாமியார் வூட்டுக்குப் போன மாதிரியே கீது யக்கா. நான் நல்லதுதான் செய்றேன், அதுங்க ஏசிக்கினே கீதுங்க!"

முதல் நாள் மதியம் தூக்கைத் திறந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. காக்கைக்கு வைக்காமல் எப்படித் தின்பது? தூரத்தில் தண்ணீரோரம் இரண்டு காக்கைகள் நின்றிருந்தன. தூக்கு மூடியைத் தட்டி, கா கா என்று கூப்பிட்டு, ஒரு கல்லின் மேல் ஒரு கை சோறு வைத்தாள். இரண்டும் வந்து தின்றன. அதில் ஒன்று நொண்டிக்கொண்டு நடந்தது.

அவளுடைய நைனாவுக்கு இடது கால் ஊனம். நெல் மூட்டை விழுந்து நசுங்கிய கால். அன்று சாயந்திரம் என்னிடம் வந்து சொன்னாள். "அப்பிடியேதான் யக்கா. எடது காலுதான். என்னப் பாத்துக்கினே துன்னுச்சு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. "உங்க நைனா ஒன்னப் பாக்க வந்துகீறாருமே. தெனமும் வை," என்றுதான் சொன்னேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அவள் தினமும் வைத்தாள். அதில் இன்னொரு கணக்கும் போட்டாள். வயிறு நிறைந்த காக்கை முட்டையை ஏன் தொடப் போகிறது? பசிதானே திருடச் சொல்கிறது? அதனால் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு காக்கைக்குக் கூடுதலாக வைத்தாள். சாம்பார் சோறு என்றால் அவை விரும்பித் தின்கின்றன என்று அதையே கட்டிக்கொண்டு போனாள். மனசார, ஆலாவுக்கு நல்லது என்று நினைத்துச் செய்தது.

ஆனால் காக்கை தனியாகத் தின்கிற ஜாதியா? கூப்பிட்டுத் தின்கிற ஜாதி. அதற்காகத்தானே குழந்தைகளுக்கு, காக்காயைப் பார், பகிர்ந்து தின்னப் பழகு என்று ஊட்டும்போதே சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டு நாலானது, நாலு பத்தானது. சித்திரை பிறந்தபோது ஒரு கூட்டமே ஓலைக் கொட்டகையைச் சுற்றிக் குடியிருந்தது. அவள் நாயைத் துரத்திக்கொண்டு திட்டின் அந்த முனைக்குப் போவாள். திரும்பி வருவதற்குள் இந்த முனையில் இரண்டு காக்கை ஆலாவுக்கு ஆட்டம் காட்ட, மூன்றாவது வந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். முட்டை ஓடு மட்டும் தண்ணீரோரம் கிடக்கும்.

"எங்கியோ பக்கத்தூரு காக்காங்க யக்கா," என்று என்னிடம் வருத்தப்பட்டாள். "நம்மளுது துன்னாது. நம்மளுதுக்குதான் சோறு வெக்கிறேனே."

சித்திரை நடுவில் நந்திதா திருப்பதியிலிருந்து வந்து திட்டைச் சுற்றிப் பார்த்தாள். பாதிக்கு மேல் குழி காலி. அன்று எங்கள் வீட்டிலிருந்து மோர் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தார்கள் என்று நானும் கங்கையாவின் பரிசலில் திட்டுக்குப் போயிருந்தேன். நந்திதா மணலில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்.

"அக்கா, போன வருஷம் காவலே இல்ல. அப்பக்கூட இவ்வளவு காக்கா கிடையாது. ஏன் வருதுன்னு புரியல. மேலே இருக்கிறவங்க இனி பொறுக்க மாட்டாங்க. கூண்டு வச்சுப் பிடிக்க அனுமதி கேட்டிருக்காங்க. அடுத்த மாசம் குஞ்சு பொரிக்கிற நேரம். அதுக்குள்ள கூண்டு வந்துடும்."

"புடிச்சி எங்க உடுவாங்க மேடம்?" என்றாள் தாட்சாயணி.

"விட்டா திரும்பி வந்துடும் அக்கா."

"அப்போ?"

நந்திதா மணலைக் கிளறினாள். தாட்சாயணிக்குப் புரிந்துவிட்டது.

உச்சி வெயில் ஏறியிருந்தது. தூக்கு திறக்காமல் அப்படியே இருந்தது. அவள் மூடியைத் தட்டவில்லை, கூப்பிடவுமில்லை. ஆனாலும் அவை வந்தன. ஒவ்வொன்றாக இறங்கி எங்கள் மூன்று பேரையும் சுற்றி, பந்திக்கு உட்கார்ந்தாற்போல உட்கார்ந்தன. ஒன்று தத்தித் தத்தி வந்து தாட்சாயணியின் புடவை முந்தானையைக் கொத்தி இழுத்தது. நொண்டிக் காக்கை தூக்கின் மேலேயே ஏறி நின்றது.

நந்திதா காக்கையைப் பார்த்தாள். கல்லின் மேல் காய்ந்து ஒட்டியிருந்த பருக்கையைப் பார்த்தாள். அப்புறம் தாட்சாயணியைப் பார்த்தாள்.

"அக்கா... சோறு போடறீங்களா?"

"அதுங்களுக்கு வெக்காம எப்பிடி மேடம் துன்றது? எங்க நைனாவுக்கு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "வவுறு ரொம்பினா முட்டயத் தொடாதுன்னுதான் ஜாஸ்தியா வெச்சேன்."

கரையோரம் பரிசலில் படுத்திருந்த கங்கையா எழுந்து உட்கார்ந்தார். "ஏமம்மா தல்லி, என்னம்மா தாயே! திருடனுக்குத் தெனம் பிரியாணி போட்டு, வூட்ட நல்லாப் பாத்துக்கடான்னு சொல்லிக்கீற!"

நான் அவரை முறைத்தேன். நந்திதா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. தாட்சாயணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என் மேலயும் இருக்கு. மதியம் எப்படிச் சாப்பிடுவீங்கன்னு நான் கேட்கவே இல்ல," என்றாள். "நீங்க போட்டது ரெண்டுக்கு அக்கா. அது ஊரையே கூப்பிட்டிருக்கு. சோத்துக்கு வந்ததுங்க முட்டையைக் கண்டுபிடிச்சிடுச்சு. இப்போ சோறு நிறுத்தினாலும் முட்டைக்கு வரும்."

"அப்போ என்னாலதான் கூண்டு வருதா?"

காக்கைகள்தான் பொறுமை இழந்து கத்தின.

வீட்டுக்கு வந்தவள் அன்று முழுக்கச் சாமி விளக்கின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். ஆலா முட்டை போனதும் தன்னால்தான், காக்கை சாகப் போவதும் தன்னால்தான். இரண்டு பாவம் ஒரு கையில். "கும்புட்ட கையாலயே கொன்ன மாதிரி ஆயிடும் யக்கா," என்றாள். விளக்கில் எண்ணெய் தீரும்போதுதான் எழுந்தாள். நந்திதாவைக் கூப்பிடச் சொல்லிப் போனை என்னிடம் கொடுத்தாள். பிறகு அவளே வாங்கிப் பேசினாள்.

"மேடம், அமாவாச வரைக்கும் டைம் குடுங்க. அதுங்கள நானே அனுப்பிடறேன். அப்பவும் போவலன்னா கூண்டு கொண்டாங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

நந்திதா மேலே இருக்கிறவர்களிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தாள்.

மறுநாள் காலையிலேயே வீட்டில் காக்கைக்கு வைத்து, தானும் தின்றுவிட்டுப் போனாள். தூக்கில் மோர் மட்டும். விரட்டுவதற்குத் தகரம் வேண்டுமே, தூக்கு மூடியை எடுத்து ஓங்கித் தட்டினாள். கரையில் இருந்த காக்கைகள் வரை எல்லாம் பறந்து வந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டன. மூடி தட்டினால் சோறு என்று அவளே பழக்கியதுதானே! கங்கையா பரிசலில் உருண்டு புரண்டு சிரித்தாராம். இவளுக்கு அழுகை வந்துவிட்டதாம்.

கை வீசிப் பார்த்தாள். கறுப்புத் துணி கட்டினாள். இவள் நம் ஆள் என்று அவை அசையவே இல்லை. வேறு யார் போனாலும் பறக்கின்றன, இவளைக் கண்டால் கிட்ட வருகின்றன. திட்டின் காவல்காரியே திட்டுக்குக் காக்கையை இழுத்து வருகிறவளாகிவிட்டாள்.

கவண்தான் மிச்சம். கல்லுக்குப் பதில் ஆற்றுக் களிமண்ணை உருட்டிக் காயவைத்து மடியில் கட்டிக்கொண்டாள். அன்று நடந்ததைக் கங்கையாதான் எனக்குச் சொன்னார். அவள் எனக்கு வாய் திறந்து சொல்லவில்லை.

முதல் உருண்டை காக்கைக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தது. அது சோற்றுருண்டை என்று நினைத்து ஓடி வந்து கொத்திப் பார்த்ததாம். இரண்டாவதும் அப்படியே. "விஜயபுரம் குறி இவ்ளோதானா?" என்று கங்கையா வழக்கம்போல வாயைவிட்டார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாளாம்.

அந்த நேரம் நொண்டிக் காக்கை முன்னால் நடக்க, மற்றவை பின்னால் வர, கயிறு கட்டிய பக்கம் ஒரு குழியை நோக்கிப் போயின. அதில் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு அன்றுதான் முட்டையிலிருந்து வெளியே வந்த குஞ்சு ஒன்று இருந்தது. மணல் நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை. தாய் ஆலா பாய்ந்து பாய்ந்து கத்தியது. தாட்சாயணி கவணைச் சுழற்றினாள். வாயில் எதையோ முணுமுணுத்தாள் என்றார் கங்கையா. சாமி பேரோ நைனா பேரோ தெரியவில்லை. உருண்டை போய் நொண்டியின் றெக்கையில் பட்டு உடைந்தது. காக்கை மணலில் விழுந்து புரண்டு, எழுந்து, கோணலாகப் பறந்து, கரைப் பக்கம் போனது.

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தைக் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த நாங்களே கேட்டோம். அத்தனை காக்கையும் வானத்தில் ஏறி அவள் தலைக்கு மேல் வட்டம் போட்டுக் கத்தின. ஒன்று வந்து நடுத்தலையில் தட்டிவிட்டுப் போனது. அவள் ஓடவில்லை. கையிலிருந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக வீசிக்கொண்டே நின்றாளாம். முகமெல்லாம் கண்ணீராம்.

அடுத்த நாள் பரிசல் திட்டை நெருங்கும்போதே காக்கைகள் எழுந்து போயின. அமாவாசைக்கு முன்னாலேயே அவள் காக்கிச் சட்டை தெரிந்தால் போதும், ஒன்று நிற்காது. அவள் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறவரை திட்டின் பக்கம் ஒரு காக்கை வரவில்லை. குஞ்சுகள் வெயிலுக்கும் கழுகுக்கும் ஒளிந்துகொள்ள உடைந்த பானை ஓடுகளை மணலில் சாய்த்து வைத்தாள். அவள் தலைக்கு மேல் கத்துவதை மட்டும் ஆலாக்கள் கடைசி வரை நிறுத்தவில்லை. பானை ஓடு கேட்டு வீடு வீடாக வந்தபோது, "ஒடஞ்சது இல்லன்னா ஒடச்சிக் குடு," என்று என் நல்ல பானையையும் வாங்கிக்கொண்டு போனாள்.

ஆனால் காக்கை மறக்கிற பிராணி இல்லை. திட்டை விட்டன, அவளை விடவில்லை. தெருவில் நடந்தால் கம்பியில் உட்கார்ந்து கத்தும். பிச்சாட்டூர் பஸ்ஸுக்கு நின்றால் அங்கே ஒன்று வந்து தலையில் தட்டும். காக்கை தலையில் தட்டினால் சனி தோஷம் என்று பெரியவர்கள் சொல்வது உண்டே. பயந்துபோய் அவளை இட்டுக்கொண்டு சனிக்கிழமை கோயிலுக்குப் போனேன். எள் தீபம் ஏற்றினோம். குருக்கள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "குஞ்சைக் காப்பாத்தறதுக்கு அடிச்சது தாயே. வாகனம் கோவிச்சுண்டாலும் ஸ்வாமி கோவிச்சுக்க மாட்டார்," என்றார். அவள் தலையாட்டினாள். வெளியே வந்து குடையை விரித்துக்கொண்டாள். கோயில் வாசல் வேப்பமரத்திலேயே இரண்டு காத்திருந்தன.

வெயிலும் இல்லை, மழையும் இல்லை, குடை பிடித்துக்கொண்டு போகிறாள் என்று தெருப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. "ஏன்டா, நான் இன்னா கலெக்டரா, எனக்குக் குடை புடிக்க ஆளு வெச்சிக்க? நானே புடிச்சிக்கினு போறேன்," என்று அவளும் சிரிப்பாள். ஆனால் வீட்டு மொட்டை மாடியில் வைக்கிற சோறு மட்டும் சாயந்திரம்வரை அப்படியே கிடந்தது. எறும்பு தின்றது, அணில் தின்றது, காக்கை தொடவில்லை. சில நாள் நாகபூஷணம் வைப்பார், உடனே வந்து தின்னும். இவள் கை பட்டது என்று எப்படித்தான் தெரியுமோ, கம்பியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். புருஷன் வைத்ததைத் தின்றதும் இவள் போய்ச் சாப்பிட உட்காருவாள். முன்பு மாதிரி ருசித்துத் தின்று நான் பார்க்கவில்லை.

வைகாசி முடியும்போது நந்திதா வந்தாள். பரிசலில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். திட்டைச் சுற்றித் தண்ணீருக்கு மேல் இளம் ஆலாக்கள் பறந்துகொண்டிருந்தன. இன்னும் முழுக்க வெளுக்காத முதுகு. மீனைக் குறிபார்த்து விழும், வெறும் வாயோடு எழும், திரும்ப விழும். பெரியவை வாயில் மீனை வைத்துக்கொண்டு போக்குக் காட்டிப் பறக்க, சின்னவை பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு போயின. நந்திதா குழந்தை மாதிரி கையைத் தட்டினாள். அப்புறம் தாட்சாயணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "கூண்டு வேண்டாம்னு எழுதிட்டாங்க அக்கா. இனி எப்பவும் வராது," என்றாள்.

"காக்காங்க இருக்கும்ல மேடம்?"

"இருக்கும். எல்லாம் இருக்கும்."

"அது போதும்," என்றாள். அவள் கண் ஆலாவின் மேல் இல்லை, கரையோரப் பனைமரங்களின் மேல் இருந்தது.

ஆனியில் அவளுடைய நைனாவின் திதி வந்தது. பிறந்த வீட்டில் ஆள் இல்லாததால் எங்கள் ஊரிலேயே செய்தார்கள். தடா பக்கம் ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை பார்க்கிற அவள் தம்பி மோகன்ராஜ், பெண்டாட்டி பிள்ளைகளோடு முதல் நாளே வந்துவிட்டான். ஆற்றில் தர்ப்பணம் முடிந்தது. நைனாவுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவலும் உளுந்து வடையும் பாயசமும் தாட்சாயணி தன் கையாலேயே செய்தாள். நான் அரைத்துக் கொடுத்தேன்.

மொட்டை மாடியில் இலை போட்டு எல்லாம் வைத்தாயிற்று. காக்கை எடுத்தால்தான் மற்றவர்களுக்கு இலை. மோகன்ராஜ் கா கா என்று கூப்பிட்டான். கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. இலைக்குப் பக்கத்தில் கை கூப்பிக்கொண்டு நின்ற தாட்சாயணியைப் பார்த்துப் பார்த்துக் கத்தின.

அவள் முகத்தை மூடிக்கொண்டாள், முந்தானையைத் தலையில் போட்டாள், மூலைக்கு நகர்ந்தாள். கத்தல் நிற்கவில்லை. வெயில் ஏறியது. பிள்ளைகள் பசியில் சிணுங்கின. மோகன்ராஜ் கொஞ்ச நேரம் கூப்பிட்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "யக்கா... தப்பா நெனச்சிக்காத. நீ உள்ள போனாதான் வரும் போல கீது," என்றான்.

நைனாவின் திதி. சமைத்தது அவள். அவரைக் கடைசி வரை வைத்துக் காப்பாற்றியதும் அவள். எனக்கு மனசு பொறுக்கவில்லை. "இன்னாடா பேசற நீ?" என்று அவன்மேல் பாய்ந்தேன்.

"அவன் சொல்றது நெசம்தான் யக்கா," என்று தாட்சாயணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். விழுந்து கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தாள். நானும் கூடவே வந்தேன். சமையல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்புப் பக்கமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மேலே தம்பியின் குரல் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. மாடியில் தொப் தொப்பென்று றெக்கை அடிக்கிற சத்தம்.

"எடுத்துருச்சி! எடுத்துருச்சி!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மேலே மாடிக் கைப்பிடிச் சுவர் மட்டும்தான் தெரிந்தது.

"யக்கா," என்றாள் அவள், திரும்பாமலே. "ரெண்டு றெக்கையும் நல்லா கீதா?"

ஒரு காக்கைக்கும் இன்னொரு காக்கைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. வந்தது நொண்டிதான் என்று பொய் சொல்ல நாக்கு வரவில்லை. ஒன்று வடையைக் கவ்விக்கொண்டு கிளம்பி, கொல்லை வேப்பமரத்தைத் தாண்டி, ஆற்றுப் பக்கம் நேராகப் போனது. அதை மட்டும் பார்த்தேன். அதை மட்டும் சொன்னேன்.

"பறந்துதான்மே வந்துச்சு. பறந்துதான் போச்சு. கோணல் இல்ல."

அவள் சுவரிலிருந்து திரும்பினாள். மூக்கை உறிஞ்சி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்போ எல போடு யக்கா. பசங்க பசியோட கீதுங்க."